பூட்டு பாடுகிறார்

மதியம் கடையில் ஆள் குறைந்த நேரம். குளியலறை டைல்ஸ் மாதிரிகளை அவள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பூட்டு உள்ளே வந்தார். ஊர்க் கால்பந்து அணியின் லெஃப்ட் பேக், இடது பக்கத் தடுப்பாட்டக்காரர். அவரை அவள் இதுவரை கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் வைத்துத்தான் பார்த்திருக்கிறாள். சேறு அப்பிய முழங்காலோடு பார்த்துப் பழகிய ஆள், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் கொஞ்சம் உயரம் குறைந்துவிட்டவர் போலத் தெரிந்தார். இடது பக்கமாக எதிரணிக்காரன் எவனும் புகுந்துவிட முடியாது என்பதால் பூட்டு என்று பெயர். முதலில் அப்படிக் கூப்பிட்டது யாரென்று தெரியாது. இப்போது அவருடைய அம்மாவே அப்படித்தான் கூப்பிடுகிறார் என்று கேள்வி.

"தரைக்கா, சுவத்துக்கா?" என்றாள். வேறு என்ன கேட்பது என்று தோன்றவில்லை.

"டைல்ஸுக்கு வரலைங்க. மேட்ச் பத்தியும் பாட்டு பத்தியும் எழுதறது நீங்கதானே?"

துணி பிடித்த கை அப்படியே நின்றது. "யார் சொன்னா?"

"உங்க வீட்டுக்காரர்தான். கிரவுண்டு வாசல்ல நின்னு போறவங்க வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காரே."

எழுதுவது என்பது பெரிய வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு நடந்து போகும்போது புதிதாக வந்த ஆல்பம் ஒன்றைக் காதில் போட்டுக்கொள்வாள். திரும்பி வரும்போது அதையே மறுபடி கேட்பாள். வீட்டுக்கு வந்து, டீ ஆறுவதற்குள், ஆட்டத்தைப் பற்றியும் பாட்டைப் பற்றியும் மனதில் பட்டதைத் தன் இணையப் பக்கத்தில் ஒரே பதிவாகத் தட்டிவிடுவாள். இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். இந்தப் பாடகி முதல் பாதியிலேயே மூச்சு வாங்கிவிட்டார் என்று எழுதுவாள். நம்முடைய நடுக்களத்தில் டிரம்ஸ் மட்டும்தான் இருக்கிறது, பாட்டைக் காணோம் என்று எழுதுவாள். "உன் பேஜ்ல கோல்கீப்பர் பாடறான், பாடகி பெனால்டி அடிக்கிறா" என்பான் கணவன். படிப்பவர்கள் சொற்பம். எது எழுதினாலும் கீழே 'தவறு' என்று மட்டும் போட்டுவிட்டுப் போகும் முகம் தெரியாத ஆசாமி ஒருவர் உண்டு. அவளுடைய அபிப்பிராயத்தால் இதுவரை யாருக்கும் ஒரு நகம்கூடப் பெயர்ந்ததில்லை. அந்த நிம்மதியில்தான் அவளால் எழுத முடிந்தது.

பூட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறாள். அணி ஜெயித்த நாளொன்றில் ஊரே அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியபோது, 'பந்து காலுக்கு வந்ததும் சுடுவதைத் தொட்டவர் மாதிரி வெளியே உதைத்துவிடுகிறார். இவருக்குப் பந்து பிடிக்கவில்லை, அது அடுத்தவனிடம் இருப்பதுதான் பிடிக்கவில்லை' என்று எழுதினாள். அதற்காகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "நான் ஏழு பாட்டு பண்ணிருக்கேன். அக்கா வீட்டு ரூம்ல, மெத்தையைச் சுவத்துல சாய்ச்சு வச்சு ரெக்கார்ட் பண்ணது. டீம்ல யாருக்கும் தெரியாது. இன்னும் வெளியில போடல. நீங்க கேட்டுட்டுச் சொல்லணும்."

"நானா? எனக்குச் சங்கீதமெல்லாம் தெரியாதுங்க. சும்மா தோணறதை எழுதறேன்."

"தெரியும். நான் நல்லா ஆடுன அன்னிக்கும் என்னைக் குறை சொன்னது நீங்க ஒருத்தர்தான்." கோபம் இல்லாமல், முகவரி சொல்வது போலச் சொன்னார். "நல்லா இருக்குன்னு சொன்னீங்கன்னா இந்த சீசனோட ஆட்டத்தை நிறுத்திடலாம்னு இருக்கேன். முட்டி ரெண்டுலயும் வலி வந்து வந்து போகுது. ரெண்டையும் சேர்த்துப் பண்ண முடியல."

பாட்டுகளை அவள் போனுக்கு அனுப்பிவிட்டு அவர் போன பிறகும் அவள் துடைத்த டைல்ஸையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஆல்பத்தைக் கேட்டாள். முதலில் இருந்தது ஆவல் மட்டும்தான். கத்தியே பேசாத ஒரு மனிதருக்குள் எந்தக் குரல் இருக்கும்? நல்ல குரல்தான், சுருதி விலகவில்லை. ஆனால் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. ஐந்தாவது பாட்டு மட்டும் தாளம் தட்டுத் தடுமாறித் தொடங்கியது. அதைப் பாதியிலேயே தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனாள். கேட்டு முடித்தபோது மனதில் எழுந்தது ஏமாற்றமாக இல்லை. நிம்மதியாக இருந்தது. அதுதான் அவளை உறுத்தியது.

இரவு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கணவனிடம் சொன்னாள்.

"நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயேன். பாவம், ஆசையா வந்து கேட்டிருக்கார். உனக்கென்ன போச்சு?" என்றவன், தட்டைக் கையில் பிடித்தபடியே திரும்பினான். "இரு, இரு. அவர் போயிட்டா லெஃப்ட்ல யாரு?"

"அதாங்க. அதான் எனக்கும்."

"அப்போ நல்லா இல்லன்னு சொல்லு."

"நிஜமாவே நல்லா இல்லையா, அவர் போகக்கூடாதுன்னு எனக்கு அப்படித் தோணுதா? அதுதான் பிடிபட மாட்டேங்குது."

கணவன் யோசித்தான். "எனக்குப் போட்டுக் காட்டாதே," என்றான் கடைசியில். "எனக்கு இப்பவே நல்லா இல்லை."

கால்பந்து என்றாலே காதைப் பொத்திக்கொள்ளும் ஒரு ஆள் வேண்டியிருந்தது. கடையில் லோடு வண்டி ஓட்டுகிற அண்ணன் அப்படிப்பட்டவர். இருபத்திரண்டு பேர் ஒரு பந்துக்கு அடித்துக்கொள்வதை ஏன் ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்துத் தீர்க்கவில்லை என்று கேட்பவர். பூட்டிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, யார் பாடியது என்று சொல்லாமல், பாட்டுகளை அந்த அண்ணனுக்கு அனுப்பினாள். மறுநாள் லோடு இறக்கிவிட்டு வந்தவர், கையுறையைக் கழற்றிக்கொண்டே பேசினார்.

"ஓடிக்கிட்டிருந்துச்சும்மா. நானும் ஓட்டிக்கிட்டிருந்தேன். ஒண்ணும் தப்பில்ல, ஒண்ணும் நிக்கல. நடுவுல ஒரு பாட்டு வந்துச்சு பாரு, வண்டியை ஓரங்கட்டிட்டேன்."

"எதுண்ணே?"

"ஆரம்பமே நொண்டுமே, அது. அந்தப் பையன் அதுல பயந்துக்கிட்டே பாடறான். பயந்துக்கிட்டே, ஆனா விடமாட்டேங்கிறான். யாரும்மா அவன்?"

அவள் கடைக்குப் பின்னால், அட்டைப்பெட்டிகள் அடுக்கிய சந்தில் நின்று ஐந்தாவது பாட்டைக் கடைசிவரை கேட்டாள். மேல் சுரத்துக்குப் போகும் இடத்தில் குரல் பிசிறியது. மற்ற பாட்டுகளில் அந்த மாதிரி இடம் வருவதற்கு முன்பே அவர் கீழே இறங்கியிருந்தார். இதில் இறங்கவில்லை. பிசிறோடு ஏறி, எங்கே போகிறோம் என்று தெரியாமலே கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பின்னணியில் கதவொன்று சாத்தும் சத்தம்கூட விழுந்திருந்தது. அவளுக்குப் புறங்கழுத்து சிலிர்த்தது. ஒருவர் நன்றாகப் பாடுகிறார் என்று தெரிந்ததற்காக இவ்வளவு வருத்தப்பட முடியும் என்று அவள் எண்ணியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முன்பே போனாள். பூட்டு வேலியோரம் உட்கார்ந்து முட்டியில் பட்டை சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஆறு பாட்டு நல்லா இல்லைங்க," என்றாள் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து. "கஷ்டமான இடம் வந்ததும் பாட்டைத் தூக்கி வெளியில அடிச்சிடறீங்க. அஞ்சாவதுல மட்டும் அடிக்கல. அது நல்லா இருக்கு. நான் எழுதுனதுல எந்தப் பாட்டையும் இவ்வளவு நல்லா இருக்குன்னு சொன்னதில்லை."

அவர் சுற்றுவதை நிறுத்தினார். "அஞ்சாவதா? அதைத் தூக்கிடலாம்னு இருந்தேனே."

"தூக்காதீங்க. இன்னொண்ணும் சொல்லிடறேன். நீங்க போகக்கூடாதுன்னு எனக்கு ஆசை. நான் சொல்றதைக் கேக்கும்போது அதையும் மனசுல வச்சுக்கங்க."

"ஒரு பாட்டை வச்சுக்கிட்டு ஆளு என்னங்க பண்றது?" என்று கேட்டார். குறையாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவர் போலக் கேட்டார். பயிற்சியாளர் விசில் ஊதியதும் எழுந்து போனார்.

இரண்டாம் பாதியில் அது நடந்தது. பந்து பூட்டின் காலுக்கு வந்தது. வேலியோரம் இருந்த எல்லோரும், அது வெளியே வந்து விழப்போகிறது என்று பழக்கத்தில் தலையைக் குனிந்தார்கள். வரவில்லை. அவர் பந்தோடு ஓட ஆரம்பித்திருந்தார். ஒருவனைத் தாண்டினார். நடுக்கோட்டைக் கடந்தார். "எங்க போறார் இவர்?" என்றான் கணவன். பயிற்சியாளர் கோட்டோரம் இறங்கி வந்து இரண்டு கையாலும் திரும்பு, திரும்பு என்று காட்டினார். இன்னொருவனையும் தாண்டினார். மூன்றாமவன் காலை விட்டுப் பந்தைச் சுத்தமாக எடுத்துக்கொண்டான். அவர் விட்டுவந்த இடது பக்கம் மைதானமாகவே திறந்து கிடந்தது. நாலே உதையில் கோல் விழுந்தது.

அவளைச் சுற்றி இருந்தவர்கள் வாயில் வந்ததையெல்லாம் சொன்னார்கள். கணவன் தலையில் கை வைத்துக்கொண்டான். பூட்டு எதிரணியின் பாதியிலிருந்து தன் இடத்துக்கு நடந்தே திரும்பினார். அவசரம் இல்லை. இடுப்பில் கை, முகமெல்லாம் வியர்வை. பந்தை நடுவில் வைக்கும்வரை அவர் யாரையும் பார்க்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"என்ன சொல்றார்? திட்டறாரா?" என்று கேட்டான் கணவன்.

அவள் வேலியில் நெற்றியை அழுத்திப் பார்த்தாள். உதடு, தாளம் தட்டுத் தடுமாறித் தொடங்குவது போல, நின்று நின்று அசைவது நன்றாகத் தெரிந்தது. கூச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.