சேலைக்குப் பக்கத்தில்

அட்டை ஏறாமலிருக்கக் காலில் புகையிலைத் தண்ணீரைத் தேய்த்துவிட்டு, விட்டுப்போன இடம் ஏதாவது இருக்கிறதா என்று மறுபடியும் பார்த்தேன். முன்னால் நின்ற அமிர்தநாதன் சிரித்தார்.

“வே சிக்கந்தரு, ஒரு அடி வைக்க மூணு தரம் யோசிக்கீரு. அதுக்குள்ள எம் மவ சடங்காயிருவா.”

அந்த மகளை அவர் இன்னும் பார்க்கவில்லை. அவர் மனைவி சிசிலி பேறுகாலத்துக்காகப் பள்ளத்தாக்குக்கு அப்பாலுள்ள தேயிலைத் தோட்டத்திலிருந்த தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். பிள்ளை பிறந்த கையோடு அங்கே பெரியம்மை வந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களை அடைத்துவிட்டார்கள், யாரும் உள்ளே போக முடியாது, வெளியே வரவும் முடியாது. அம்மை குத்தப் போனவரிடம் அவள் சொல்லியனுப்பியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுதில் தங்கள் பக்கத்துப் பாறைமேல் துணி விரிப்பாளாம். தான் சுகமென்றால் சிவப்புச் சேலை. பிள்ளையும் சுகமென்றால் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணி.

ஏலப்பாறை ஊரில் நடக்கும் மாலை வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தும் கரும்பலகை தெரியாமல் என்னிடம் கேட்டு எழுதுபவர் அமிர்தநாதன். அதனால்தான் என்னைக் கூப்பிட்டார். எனக்குப் பார்வை நன்றாகத்தான் இருக்கிறது. பார்த்ததை நம்பத்தான் தைரியம் வருவதில்லை. இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டுமோ என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஆள் உயரப் புல்லுக்குள் தடம் மறைந்துபோனது. அதற்கு மேல் ஈரப்பாறை. இரண்டு கையும் ஊன்றித்தான் ஏற முடிந்தது. ஓரிடத்தில் என் காலடியில் ஒரு கல் பெயர்ந்து உருண்டது. அது அடியில் போய் விழும் சத்தம் கேட்கவே இல்லை. அதற்குப் பிறகு அமிர்தநாதன் கேலி பேசவில்லை.

உச்சியில் பாறை சட்டென்று முடிந்தது. கீழே மூடுபனி புரண்டுகொண்டிருந்தது. காத்திருந்தோம். அது விலகியபோது எதிர்ப்பக்கம் தெரிந்தது.

“சேல தெரியுதா வே?”

“தெரியுது அண்ணாச்சி. செவப்புதான்.”

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். தலைத்துண்டை அவிழ்த்து வீசினார். “ஏ சிசிலி!” என்று கத்தினார். அவர் பார்த்த திசை விலகியிருந்தது. தோளைப் பிடித்துச் சரியான பக்கம் திருப்பிவிட்டேன்.

“பக்கத்துல?”

பக்கத்தில் வெள்ளையாக ஏதோ இருந்தது. துணியாக இருக்கலாம். பாறையில் படிந்த வெள்ளைப் பொருக்காகவும் இருக்கலாம். துணியென்றால் காற்றில் அசையும்.

“என்னவே, வாயத் தொறந்து சொல்லும்.”

“கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி. காத்து வரட்டும்.”

அவர் துண்டு வீசுவதை நிறுத்தினார். பள்ளத்திலிருந்து காற்று எழுந்து வந்தது. எதிர்ப்பாறையில் சிவப்பு ஒருமுறை உப்பிப் படிந்தது. நான் கண்ணை இமைக்காமல் அதன் பக்கத்து வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.