இங்கிலாந்துக்குப் போன துப்பாக்கியின் நிழல்

ஆசா டட்டில் தன் மகனின் துப்பாக்கியை இங்கிலாந்துக்கு அனுப்பிய பிறகும் அதன் நிழல் சமையலறைச் சுவரிலேயே தங்கிவிட்டது. அது மாட்டியிருந்த இரண்டு மர முளைகளின் மேல், விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும், கட்டையும் குழலுமாக அந்த நிழல் கிடந்தது. அவன் மனைவி வெர்னா சோடா உப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். சுவரின் சாயம்தான் போயிற்று.

எல்லாம் வேட்டைப் பத்திரிகையால் வந்த வினை. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் அந்த மலையோர ஊரில் பைபிள் இல்லாத வீடு இருந்தாலும் இருக்கும், வேட்டைப் பத்திரிகை இல்லாத வீடு கிடையாது. ஆசா பல வருட இதழ்களை அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தான். 1940 இலையுதிர் காலத்து இதழ் ஒன்றில், தூண்டில் விளம்பரத்துக்குக் கீழே, ஜெர்மானியர்கள் வானத்திலிருந்து குதிக்கப்போகிறார்கள், இங்கிலாந்தின் குடியானவர்களிடம் ஆயுதமில்லை, உங்களிடம் இருப்பதைக் கொடுத்து உதவுங்கள் என்று போட்டிருந்தது. ஆசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுடைய சொந்தத் துப்பாக்கி துருப்பிடித்தது. அனுப்ப வெட்கமாக இருந்தது. ஆகவே மகன் லோரனின் பன்னிரண்டாம் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்ததை, லோரன் கட்டையில் தன் பெயரைச் செதுக்கி வைத்திருந்ததை, அவன் மரம் வெட்டும் முகாமுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, தோட்டாக்களோடு அனுப்பிவிட்டான். அந்த ஊரில் எதை வேண்டுமானாலும் மன்னிப்பார்கள். ஒருவனுடைய துப்பாக்கியைக் கேட்காமல் எடுத்தால் மட்டும் பேச்சு நின்றுவிடும். லோரன் பேச்சை நிறுத்தினான். மறுவருடம் போர் அமெரிக்காவுக்கும் வந்தபோது பட்டாளத்தில் சேர்ந்தான். விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கும் படையில் போட்டு, அவனையும் இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள்.

அன்றைக்குத்தான் ஆசாவுக்குப் பயம் பிடித்தது. குதிக்கிறவனைச் சுடுவதற்கென்று அனுப்பிய துப்பாக்கியும் அங்கே, குதிக்கிற மகனும் அங்கே. சில காலைகளில் சுவரிலிருந்து வெடிமருந்து வாசனை வரும்; அன்று தபால்காரன் தெருவைக் கடக்கும்வரை இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். 1944 வசந்தத்தில் நிழலின் நீளம் குறையத் தொடங்கியது. குழல் மெல்ல அறைக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. துப்பாக்கி முனையை மனிதர் பக்கம் காட்டாதே என்பதுதான் அந்த ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் முதல் பாடம். ஒரு சனிக்கிழமை, அவித்த பீன்ஸ் மேசைக்கு வந்த நேரத்தில், சுவரில் குழல் வாயாக ஒரு கறுப்பு வட்டம் மட்டுமே மிச்சமிருந்தது.

சாப்பிட வந்திருந்த நாவிதர் மெல்வின் நிலைமையை லேசாக்கப் பார்த்தார். "போரால தோட்டா கெடைக்கலன்னு ஊரே அழுவுது. உங்க வீட்டுச் சுவரு மட்டும் லோடு பண்ணிக்கிட்டு நிக்குது."

"ஆசா, அது லோரன் நாற்காலியப் பாக்குது," என்றாள் வெர்னா.

காலியாக இருந்த நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்திப் பார்த்தார்கள். வட்டமும் கூடவே நகர்ந்தது. ஆசா அடுப்படிக்குப் போய்ப் பத்திரிகைக் கட்டைத் தூக்கி, நெஞ்சோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு, மகனின் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"எந்திரி ஆசா. வேணாம்."

"அனுப்புனது நான்தானே, வெர்னா."

சுவரிலிருந்து வெடித்த சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. ஆசா நாற்காலியோடு மல்லாந்தான். அட்டைப் படங்களில் இருந்த மான், கரடி, காட்டு வாத்து எல்லாவற்றையும் குண்டு துளைத்துக்கொண்டு போய், கடைசி இதழின் பின்னட்டையில் நின்றிருந்தது. விலா எலும்பு ஒன்று முறிந்தது, அவ்வளவுதான். வெர்னா குண்டு ஆறும்வரை காத்திருந்து அதைப் பொத்தான் டப்பாவில் போட்டாள்.

போர் முடிந்து லோரன் வந்தான். அப்பாவிடம் பேசாமல் தன் நாற்காலியில் உட்கார்ந்து, பழைய இதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டினான். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஓட்டை.

"இது என்ன ஓட்டை?" ஐந்து வருடத்தில் அப்பாவிடம் அவன் பேசிய முதல் பேச்சு அது.

"எலி," என்றான் ஆசா.

லோரன் வெகுநேரம் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுக்கொண்டிருந்தான். "பயிற்சிக்காக ஒரு வயல்ல குதிச்சேன். ஒரே மூடுபனி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கெழவன், ஜெர்மன்காரன்னு நெனச்சு நேரா நெஞ்சுக்கு வச்சுச் சுட்டுட்டான். சத்தம் வந்துது, பொகை வந்துது, குண்டு மட்டும் வரல. துப்பாக்கிய வாங்கிப் பாத்தா கட்டையில எம்பேரு." இதழை மூடி அடுக்கின் மேல் வைத்தான். "பெரிய எலிதான்ப்பா."

ஆசா தலையைக் குனிந்துகொண்டு பீன்ஸ் பானையை அவன் பக்கம் தள்ளினான். சுவரில் நிழல் பழையபடி பக்கவாட்டில் நீண்டு கிடந்தது. வெர்னா பாத்திரம் துடைத்த துணியை அதன் மேல் காயப்போட்டாள்.