மக்கள்தொகையில் இரண்டு பேரைக் கழிக்கவும்

எங்கள் கார்லிஸ் கவுண்டியைப் பற்றி, அதாவது எங்கள் மாவட்டத்தைப் பற்றி, ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்பும்படி மாநில அலுவலகத்திலிருந்து நவம்பர் மாதம் ஒரு கடிதம் வந்தது. கடிதம் போய்ச் சேர்ந்த இடம் ஆர்லிஸ் டோஸ்டலின் மேசை. அவள்தான் கவுண்டி கிளார்க். எங்கள் பக்கம் கிளார்க் என்றால் ஜனங்கள் ஓட்டுப் போட்டு உட்கார வைக்கிற ஆள். ஆர்லிஸ் ஏழு தடவை ஜெயித்தவள். அதில் ஐந்து தடவை அவளை எதிர்த்து நிற்க ஆளே கிடையாது. வாக்காளர் பட்டியல், கல்யாண உரிமம், கமிஷனர்கள் கூட்டத்தின் குறிப்பு, எல்லாம் அவள் கையெழுத்தில்தான்.

நான் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். ஓய்வு பெற்ற பிறகு செவ்வாய்க்கிழமை தோறும் கோர்ட்டுக் கட்டடத்தில் நடக்கும் கமிஷனர்கள் கூட்டத்துக்குப் போய் உட்காருவேன். அங்கே சூடாகக் காப்பி கிடைக்கும், கையிலிருக்கும் பின்னல் வேலையும் கொஞ்சம் நகரும். அன்றைக்கும் அப்படித்தான் போனேன். அந்த நாளை நான் மறக்கவே மாட்டேன், பிள்ளைகளே.

மூன்று கமிஷனர்கள். நடுவில் தலைவர் ஆர்வல் ப்ரூன்ஸ். விதி என்றால் விதி என்கிற மனிதர். தன் சொந்தத் தம்பியின் களஞ்சியம் சாலையிலிருந்து நாலடி தள்ளி இல்லை என்று இடிக்கச் சொன்னவர். ஆர்லிஸ் எழுந்து, தான் எழுதிய பக்கத்தை வாசித்தாள்.

"கார்லிஸ் கவுண்டி, நெப்ராஸ்கா. பரப்பளவு ஐந்நூற்று எழுபத்தாறு சதுர மைல். மக்கள்தொகை ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு. மாடுகள் அதைப்போல முப்பது மடங்கு."

"மாடுங்களுக்கு ஓட்டு இருந்தா நான் என்னிக்கோ தோத்திருப்பேன்" என்றார் இளைய கமிஷனர் கென்னி.

"இப்ப மட்டும் யாரு போட்டாங்கன்னு நெனச்சே?" என்றார் ஆர்வல். "நீ படி ஆர்லிஸ்."

"போக்குவரத்து விளக்கு ஒன்று. அது மஞ்சளில் மட்டும் மினுக்கும். உயர்நிலைப் பள்ளி ஒன்று. ஆள் போதாததால் கால்பந்தில் அணிக்கு ஆறு பேர். ஆஸ்பத்திரி இல்லை. வடக்கே ஸ்ட்ரவுட் கவுண்டியில் இருக்கிறது."

"அத எதுக்கு எழுதறே? அவங்க படிச்சா விழுந்து விழுந்து சிரிப்பாங்க" என்றார் கென்னி.

ஆர்லிஸ் சிரிக்கவில்லை. தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

"வடக்கு எல்லை. காற்றாலைக் கம்பெனிக்காக நிலம் அளக்க வந்தவர்கள் போன வாரம் பழைய மூலைக்கற்கள் இரண்டையும் தோண்டி எடுத்தார்கள். அவற்றின்படி நமது எல்லை குளத்தைச் சுற்றி வளைந்து போகும் சாலை அல்ல. அதற்குத் தெற்கே, குளத்தின் நடுவே ஓடும் நேர்கோடு. சாலைக்கும் கோட்டுக்கும் இடையில் உள்ள முப்பத்திரண்டு ஏக்கர் ஸ்ட்ரவுட் கவுண்டியைச் சேர்ந்தது. அங்கே வீடு ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன மக்கள்தொகையில் இரண்டு பேரைக் கழிக்கவும்."

என் கையிலிருந்த ஊசி தரையில் விழுந்து உருண்டது. அதை எடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அந்த முப்பத்திரண்டு ஏக்கரில் இருக்கிற ஒரே வீடு யாருடையது என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆர்லிஸும் அவள் புருஷன் மெர்லும் நாற்பத்து மூன்று வருஷமாக வாழ்கிற வீடு.

இந்தத் தவறு எங்களுக்கு மட்டுமே வரக்கூடியது. எங்களுக்குக் கோடு என்றால் சாலை, சாலை என்றால் கோடு. மைலுக்கு ஒரு சாலை, எல்லாம் அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி. எங்கள் தாத்தாக்கள் காலத்தில் மழை கொட்டித் தீர்த்த ஒரு வருஷம் வடக்குச் சாலையைக் குளம் விழுங்கிவிட்டது. அதனால் சாலையைக் குளத்துக்கு வடக்கே வளைத்துப் போட்டார்கள். சாலை போட்டவர் கவுண்டிப் பலகையையும் பிடுங்கி, புதுச் சாலை ஓரத்தில் நட்டுவிட்டுப் போய்விட்டார். பலகை இருக்கிற இடம்தானே எல்லை? பிறகு குளமும் வற்றியது. யாரும் கேட்கவில்லை.

ஆர்வல் கண்ணாடியைக் கழற்றினார். "சட்டம் என்ன சொல்லுது, கிளார்க்?"

பாருங்கள், அவளைப் பற்றிய சட்டத்தை அவளிடமே கேட்டார். வேறு யாருக்கு அது மனப்பாடம்?

"கவுண்டிக்குள்ள குடியிருக்காதவங்க கிளார்க்கா இருக்க முடியாது. இடம் காலியானா முப்பது நாளுக்குள்ள கமிஷனர்கள் ஒருத்தர நியமிக்கணும்." சொல்லிவிட்டுச் சாவிக்கொத்தையும் முத்திரையையும் மேசைமேல் வைத்தாள்.

"டிசம்பர் பதினெட்டு" என்று ஆர்வல் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். அவ்வளவுதான். ஒரு வருத்தம் இல்லை, ஒரு நன்றி இல்லை. எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் அவளை மறித்தேன். "ஏண்டி, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அளக்க வந்த பொண்ணு உன்கிட்ட மட்டும்தானே சொன்னா? வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல?"

"அந்தப் பொண்ணும் அதத்தான் சொன்னா, வெல்டா. யாரு பாக்கப் போறாங்கன்னு." கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். "நம்ம ஊர் பென்னியோட அம்மா ஸ்ட்ரவுட்ல முதியோர் இல்லத்துக்குப் போனாங்களே, அன்னிக்கே ஓட்டர் பட்டியல்லேருந்து அவங்க பேர அடிச்சேன். அந்தம்மா எனக்கு ஞாயித்துக்கிழமை பைபிள் சொல்லிக்குடுத்தவங்க. ஒரு தடவ விட்டுடேன்னு பென்னி அழுதான். விடலியே நான். இப்ப என் பேர மட்டும் விட்டுட்டா, நான் யாரு?"

அவள் ஏறி உட்கார்ந்ததும் கார் கதவை நானே சாத்தினேன்.

அன்று மதியத்துக்குள் கவுண்டி முழுக்கச் செய்தி போய்விட்டது. முதலில் எல்லோருக்கும் வந்தது பயம். ஆர்லிஸ் கையெழுத்துப் போட்ட கல்யாணங்கள் என்ன ஆகும்? காப்பிக் கடையில் ஒரே கூச்சல். கவுண்டி வக்கீல் விசாரித்து, எல்லாக் கல்யாணமும் செல்லும் என்றார். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா, வக்கீல் சார்?" என்று கென்னி கேட்டு, மனைவியிடம் தோளில் அடி வாங்கினார்.

கேலி மெர்லைத்தான் சுற்றியது. "என்ன மெர்ல், இந்தப் பக்கம்? பாஸ்போர்ட் எடுத்துட்டு வந்தியா?" "ஸ்ட்ரவுட்காரருக்கு வெளியூர் காப்பி ஒண்ணு போடும்மா!" மெர்ல் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை ஸ்ட்ரவுட்டோடு கூடைப்பந்து. யாரோ ஒருவன், "உன் எடம் அந்தப் பக்கம்டா" என்று எதிரணிப் பெஞ்சைக் கைகாட்டினான். மெர்ல் எழுந்தார், மைதானத்தைச் சுற்றி நடந்தார், எதிரணி ஆட்கள் நடுவில் போய் உட்கார்ந்தார். ஆட்டம் முடியும்வரை ஒரு தடவைகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் கை தட்டவில்லை, பிள்ளைகளே. பந்து தரையில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலையில் லைல் ஸ்கலா மெர்ல் வீட்டு வாசலில் போய் நின்றான். லைலின் தொழில் வீடு நகர்த்துவது. எங்கள் சமவெளியில் மரவீட்டைத் தூக்கிச் சக்கரத்தில் வைத்து இழுத்துக்கொண்டு போவது புதுசில்லை. இரண்டு தேவாலயமும் ஒரு பள்ளிக்கூடமும் அவன் இழுத்து வந்தவைதான்.

"மெர்ல், உன் வீட்டத் தூக்கி அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வெச்சுடறேன். முந்நூறு அடிதான். பதினெட்டுக்குள்ள வந்துட்டா அவளையே திரும்ப நியமிக்கலாம்ல? ஆர்லிஸ் கிளார்க்கா இல்லேன்னா எனக்கு ரோட்டுல வீடு இழுக்க அனுமதி யாரு குடுப்பா? புதுசா ஒருத்தன் வந்து என் உயிர வாங்குவான்."

"நடுவுல பழைய குளம் இருக்கேடா" என்றார் மெர்ல்.

"தரை ஒறைஞ்சு இரும்பாயிருக்கும். ஜனவரின்னா யோசிக்கவே வேணாம். டிசம்பர்னா..." தோளைக் குலுக்கினான். "பாத்துக்கலாம்."

பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்திலிருந்து நேராக எல்லோரும் அங்கே போனோம். அடித்தளத்திலிருந்து வீட்டைத் தூக்கி, அடியில் இரும்பு உத்திரங்களும் சக்கரங்களும் கொடுத்திருந்தான் லைல். ஆர்லிஸின் அடுப்படி ஜன்னல் திரை காற்றில் ஆடிக்கொண்டிருக்க, வீடு தன் குழியை விட்டு மெல்லப் புறப்பட்டது. எத்தனை தடவை பார்த்திருந்தாலும் ஒரு வீடு நகரும்போது உடம்பு சிலிர்க்கிறது. நூறு அடி. இருநூறு. மெர்ல் கூடவே நடந்தார், சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு.

அப்போது தரைக்கு அடியிலிருந்து துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். உறைந்த மேல்மண் உடைந்து, கறுப்புச் சேறு கொப்பளித்து வந்தது. முன்சக்கரங்கள் அச்சுவரை இறங்கிவிட்டன. வீடு முனகியது. உள்ளே பாத்திரங்கள் சரிந்தன. லைல் இழுத்துப் பார்த்தான், இரண்டு டிராக்டர் கட்டிப் பார்த்தான். வீடு அசையவில்லை.

"நல்லா ஒறையணும். மூணு வாரம் ஆகும்" என்றான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

மூன்று வாரம் எங்கே, மூன்று நாள் எங்கே! ஆர்லிஸ் ஏணி போட்டு உள்ளே ஏறினாள். மெர்லும் பின்னால் ஏறினார். பக்கத்துப் பண்ணையிலிருந்து மின்கம்பி இழுத்துக் கொடுத்தோம். வேறெங்கும் வர மாட்டோம் என்று சேற்றில் சாய்ந்து நிற்கும் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார்கள்.

பதினெட்டாம் தேதி கூட்டம் தொடங்கியதும் ஆர்வல், "போய்ப் பாத்துட்டு வந்துடுவோம்" என்றார். மூன்று கமிஷனர்கள், வக்கீல், நான், இன்னும் இருபது பேர் புறப்பட்டோம். அளக்கும் பெண்ணும் வந்திருந்தாள். கருவியை வைத்துப் பார்த்தாள், ஏணியில் ஏறினாள், வீட்டுத் தரையில் சிவப்புச் சாக்குக்கட்டியால் கோடு இழுத்தாள். கோடு அடுப்படிக்கும் படுக்கையறைக்கும் நடுவே, நிலைப்படி ஓரமாகப் போனது. அடுப்படி கார்லிஸ். படுக்கையறை ஸ்ட்ரவுட்.

"அப்ப எந்த ஊரு இது?" என்றார் கென்னி. அடுப்படியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். தரை சரிந்திருந்ததால் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டிருந்தோம்.

"வீட்டுக்கு நடுவுல கோடு போனா, தூங்கற எடம்தான் குடியிருக்கற எடம்" என்றார் வக்கீல்.

ஆர்வல் நோட்டைத் திறந்தார். "ஆர்லிஸ். நேத்து நீ எங்க தூங்கினே?"

ஒரே ஒரு பொய். அடுப்படி என்று ஒரு சொல் சொன்னால் போதும். மெர்ல் அவள் கையைப் பிடித்து அழுத்தியதை நான் என் கண்ணால் பார்த்தேன். கடவுளே, சொல்லிவிடு என்று மனசுக்குள் கத்தினேன்.

"படுக்கையறையில" என்றாள் ஆர்லிஸ். "ஸ்ட்ரவுட்ல."

லைல் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான்.  ஆர்வல் நோட்டில் எதையோ எழுதினார். எழுதி முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கென்னி, முப்பது நாள்னா எப்ப முடியுது?"

"இன்னிக்குத்தானே, பதினெட்டு."

"நாம அவ சாவி வெச்ச நாளையும் சேத்துல்ல எண்ணிட்டோம். சட்டப்படி மறுநாள்லேருந்துதான் எண்ணணும். சரியா, கிளார்க்?"

ஆர்லிஸ் யோசித்தாள். சட்டம் என்று கேட்டால் அவளால் யோசிக்காமல் இருக்க முடியாது. "சரிதான்" என்றாள் மெதுவாக. "மறுநாள்லேருந்துதான்."

"அப்ப கூட்டம் நாளைக்குக் காலைல எட்டு மணிக்குத் தொடரும்." நோட்டை மூடிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, சிவப்புக் கோட்டைத் தாண்டிப் படுக்கையறைக்குள் போனார். நாங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"என்ன வேடிக்கை பாக்கறே, மெர்ல்? அந்தப் பக்கம் பிடி. இந்தக் கட்டில என் ஒருத்தனால தூக்க முடியாது."

நிலைப்படி குறுகல். கட்டிலைப் பக்கவாட்டில் திருப்பி, தலைமாட்டை ஆர்வலும் கால்மாட்டை மெர்லும் பிடித்து, அடுப்புக்கும் மேசைக்கும் நடுவில் இறக்கினார்கள். ஆர்லிஸ் தலையணைகளைக் கொண்டுவந்து போட்டாள். 

மறுநாள் எட்டு மணிக்கு ஆர்வல் அதே கேள்வியைக் கேட்டார்.

"அடுப்படியில" என்றாள் ஆர்லிஸ். "மெர்ல் ராத்திரி பூரா அடுப்புல முட்டிக்கிட்டாரு."

அவளையே மறுபடி கிளார்க்காக நியமிக்க மூன்று பேரும் கை தூக்கினார்கள். ஆர்வல் முத்திரையை அவள் பக்கம் தள்ளினார். அவள் முதல் வேலையாக மாநில அலுவலகத்துக்கு எழுதி வைத்திருந்த அந்தப் பக்கத்தை எடுத்து, கடைசி வரியை அடித்துவிட்டு, தபாலில் போட எழுந்து போனாள்.