விளக்கு இருக்கும் இடத்தைச் சொன்ன காவலன்

தனக்குத் தெரிந்த ஒன்று இன்னொருவருக்குத் தெரியாமல் இருப்பதைக் காளிதாசனால் ஐந்து நிமிடம் தாங்க முடியாது. சுங்கைப்பட்டாணியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் அவர். தொழிலும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. "சிக்னல் போடு, அந்த வளைவுல ஒரு மாடு நிக்கும், பிரேக்க மிதி" என்று மாட்டுக்கே தெரியாததையெல்லாம் முன்கூட்டிச் சொல்வார். சினிமாவுக்கு அழைத்துப் போனால் இடைவேளைக்கு முன்பே கொலைகாரனைப் பிடித்துக் கையில் கொடுத்துவிடுவார். கேட்டால், "நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்பார்.

அந்த நல்லதுதான் கடாரத்துறையைக் காலி செய்துகொண்டிருந்தது.

கடாரத்துறை ஊரில்லை. கைப்பேசியில் ஆடுகிற ஆட்டம். மெர்போக் ஆறு கடலில் சேருமிடத்தில் பழைய காலத்துத் துறைமுகம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு வேடம் எடுத்து, அந்த ஆளாகவே எழுதிப் பேச வேண்டும். அதற்கு இரண்டு அறைகள். 'உள்ளே' போனால் வேடம். 'வெளியே' வந்தால் சொந்த முகம். வெளியே கேள்விப்பட்டதை உள்ளே கொண்டுபோகக்கூடாது. விதி அவ்வளவுதான். அதையும் காளிதாசன் அடுத்தவருக்கான விதியாகவே எடுத்துக்கொண்டார்.

கதையைக் கட்டியவள் பிரேமாவதி. வீடு புக்கிட் செலம்பாவில், வேலை பல் கிளினிக்கின் கவுண்டரில். ஒரு புயல் இரவில் துறைமுக விளக்கு அணைகிறது. கப்பல் பாறையில் மோதி உடைகிறது. விடிந்து பார்த்தால் விளக்கையே காணோம். எடுத்தது யார் என்று புதிதாக வருகிறவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். எடுத்தவள் விடுதிக்காரி பூங்காவி. பூங்காவியாக ஆடுகிறவளும் பிரேமாவதிதான். விளக்கைத் தூக்கிப் போனபோது வழியெல்லாம் எண்ணெய் சிந்தியது என்று ஒரு தடயத்தையும் போட்டு வைத்திருந்தாள். மூன்று வருடமாக அந்த எண்ணெய் காய்ந்துகொண்டு கிடக்கிறது. ஒருவரும் மிதிக்கவில்லை. மிதிக்கக் காளிதாசன் விட்டால்தானே.

செர்டாங்கிலிருந்து அகத்தா என்ற அம்மாள் புதிதாகச் சேர்ந்த அன்று, வெளியே ஒரு செய்தி போட்டார். "எல்லாருக்கும் வணக்கம். நான் தடிகா, அதான் பாலர் பள்ளி, நடத்துறேன், சின்னப் பிள்ளைங்களோடதான் பழக்கம். இந்த ஆட்டம் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது."

ஒண்ணுமே தெரியாது. காளிதாசனுக்குத் தாம்பூலத் தட்டு வைத்து அழைத்த மாதிரி.

பிரேமாவதி உடனே அவருக்குப் போன் போட்டாள். இருவரும் ஒரே தோட்டத்து லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்ந்தவர்கள்.

"அண்ணே, ஒரு உதவி."

"சொல்லு பிரேமா, என்ன வேணும்?"

"எதுவும் சொல்லாதீங்க. அதுதான் உதவி."

"நான் யார்கிட்ட என்னா சொன்னேன்?"

"விளக்கு உப்புக் கிடங்குல இருக்குன்னு ஜெஃப்ரிகிட்ட சொன்னீங்க. போனான், எடுத்தான், தேங்க்யூ அங்கிள்னு ஆட்டத்தை விட்டே போயிட்டான்."

"மரியாதையான பையன்லா."

"மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சோம். மெலிசா வந்தா. விடுதிக்காரிதான் திருடின்னு அவகிட்ட சொன்னீங்க. நேரா வந்து என் கழுத்தைப் பிடிச்சா. ஒரு வாய் கஞ்சிகூடக் குடிக்கல."

"அலைச்சல் மிச்சம்தானே. புதுசா வர்றவங்க பாவம், தடுமாறுவாங்க."

"தடுமாறத்தாண்ணே வர்றாங்க."

தடுமாறுவதற்கென்றே ஒருவர் வருவார் என்பது கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவருக்குப் புரிகிற விஷயமில்லை.

ஆட்டத்துக்குச் சொந்தக்காரன் சசிதரன், கூலிமில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். உள்ளே அவன்தான் துறைத்தலைவர். அன்றைக்கே பிரேமாவதிக்குத் தனியாக எழுதினான்: "அக்கா, இந்த டீச்சரும் போயிட்டாங்கன்னா நான் கதவைச் சாத்திடறேன். நாம மூணு பேரே ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டு உட்கார்றதுக்கு வேற வேலை பார்க்கலாம்."

ஒரே ஒரு ஆள், சொல்லிக்கொடுக்காமல் தானாக வந்து தன் கதவைத் தட்ட வேண்டும் என்றுதான் பிரேமாவதி மூன்று வருடம் காத்திருக்கிறாள். பேராசை என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு ஆள்.

அகத்தா 'செந்திரு' என்று வேடம் எடுத்தார். உடைந்த கப்பலில் தம்பியைப் பறிகொடுத்த பெண். எடுத்ததும் வெளியே வந்து பிரேமாவதியிடம் கேட்டார்.

"ஏன்மா, நான் இப்ப என்னா செய்யணும்?"

"செந்திரு என்ன செய்வாளோ அதைச் செய்யுங்க டீச்சர். யார்கிட்டயும் பேசலாம், எந்தக் கதவையும் தட்டலாம். செய்யறதை ஒரு வரி எழுதிட்டு, பேசறதை அடுத்த வரியில எழுதுங்க."

"விளக்கை எங்க தேடறது?"

"அதை நான் சொல்ல முடியாது டீச்சர். எப்படித் தேடறதுன்னு எத்தனை தடவை கேட்டாலும் சொல்றேன்."

கிளினிக்கில் வலிக்குமா என்று கேட்கிறவர்களிடம் "டாக்டர் பார்த்துட்டுச் சொல்லுவாரு" என்றே பேசிப் பழகிய வாய். அதில் ஒன்றும் பிசகவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் உள்ளே கூடினார்கள். செந்திரு அவசரமே படவில்லை. கரையில் உட்கார்ந்தாள். உடைந்த பலகை ஒன்றைத் தடவிப் பார்த்தாள். காக்கைக்குச் சோறு வைத்தாள். அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று காவலன் மாறனிடம் விசாரித்தாள். மாறன், காளிதாசனின் வேடம்.

வெளியே காளிதாசன் தவித்துப் போனார். "டீச்சர், அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல" என்று எழுதினார். பிரேமாவதி அதட்டி ஒரு வரி எழுதவும் அழித்தார். செந்திரு இன்னொரு காக்கையைக் கூப்பிட்டாள். அதற்கு மேல் மனுஷனால் முடியவில்லை. அறையைக்கூட மாற்றாமல், உள்ளேயே, மாறன் வாயாலேயே கொட்டிவிட்டார்:

"அம்மணி, கடலைப் பார்த்து என்ன பயன்? விளக்கு உப்புக் கிடங்கில் மூலைக் குவியலுக்கு அடியில் கிடக்கிறது. போய் எடுத்துக்கொள்ளுங்கள்."

பிரேமாவதி தேநீரில் தோய்த்த ரொட்டி உள்ளேயே விழுந்து கரைந்தது. இனி அந்த அம்மாளும் தேங்க்யூ சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான் பாக்கி.

செந்திரு எழுதினாள்: "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஊருக்கே தெரியும் அம்மணி."

"ஊருக்கே தெரிந்தது தலைவருக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று?"

"அவர் கேட்கவில்லை."

"நானும்தான் கேட்கவில்லை. காற்றைப் பற்றித்தான் கேட்டேன். தலைவரைக் கூப்பிடுங்கள்."

காளிதாசன் அவசரமாக வெளியே ஓடி வந்தார்.

"டீச்சர், நான் போன ஆட்டத்துல பார்த்ததைச் சொன்னேன். உங்களுக்கு ஹெல்ப் பண்ணத்தான்லா."

"தெரியுதுய்யா," என்று அகத்தா எழுதினார். "ஆனா தடிகாவுல ஒரு பொருள் காணாமப் போனா, யாரும் கேட்கிறதுக்கு முன்னாடியே 'டீச்சர், அலமாரிக்குப் பின்னால இருக்கு'ன்னு ஓடி வர்ற பிள்ளையைத்தான் முதல்ல பிடிச்சு உட்கார வைப்பேன். செந்திரு மட்டும் விடுவாளா?"

"நான் திருடல டீச்சர்."

"அதை உள்ள வந்து சொல்லுங்க. இங்க கோர்ட் இல்ல."

உள்ளே என்ன சொல்வது? போன ஆட்டம் என்று ஒன்று மாறனுக்குத் தெரியவே தெரியாது. விளக்கு இருக்கும் இடம் தெரிந்த காவலன் ஒன்று திருடன், இல்லை திருடனுக்குக் கூட்டாளி. துறைத்தலைவர், "இவன் கையைக் கட்டுங்கள்" என்று எழுதினார். சசிதரன் அதை எழுதிய வேகத்தைப் பார்த்தால், வரியை ரொம்ப நாளாகத் தயாராக வைத்திருந்த மாதிரி இருந்தது.

கட்டு இறுகியதும் காளிதாசன் கடைசிச் சரக்கையும் எடுத்து வீசினார்: "நான் இல்லை. விடுதிக்காரி பூங்காவிதான் எடுத்தாள்."

பிரேமாவதி கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று வருடக் கதை ஒரே வரியில் போச்சு. திறந்து பார்த்தபோது செந்திருவின் பதில் வந்திருந்தது.

"பிடிபட்டவன் கை காட்டுகிற பக்கமெல்லாம் ஓட நான் வரவில்லை. இவனைச் சிறையில் வையுங்கள். மிச்சத்தை நானே பார்த்துக்கொள்கிறேன்."

உண்மையைச் சொல்லியும் ஒருவரும் நம்பாதது காளிதாசன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. திங்கட்கிழமை காலையில் வெளியே கேட்டார்: "பிரேமா, என்னை எப்ப விடுவீங்க?"

"சொன்னா சுவாரசியம் போயிடும்ணே," என்று எழுதிவிட்டு, அவள் கவுண்டரில் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

கன்னம் வீங்கிய ஒரு ஆள் வந்து உட்கார்ந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. உள்ளே, செந்திரு விடுதிக்கு வந்திருந்தாள். யார் கழுத்தையும் பிடிக்கவில்லை. கஞ்சி கேட்டாள். பூங்காவி ஊற்றினாள். முழுக்கக் குடித்தாள். கொள்ளுத் துவையல் நன்றாக இருந்தது என்று பாராட்டக்கூட மறக்கவில்லை. போக எழுந்தவள் வாசலில் நின்றாள்.

"அக்கா, படியில் வழுக்கப் பார்த்தேன். குனிந்து தொட்டால் எண்ணெய். அதுவும் அடுப்பங்கரைப் பக்கம் போகவில்லை, உப்புக் கிடங்குப் பக்கம் போகிறது. உங்கள் வீட்டு எண்ணெய்க்குக் கிடங்கில் என்ன வேலை?"

பிரேமாவதி அதை இரண்டு தடவை படித்தாள். இதை யாரும் டீச்சருக்குச் சொல்லியிருக்க முடியாது.

"அம்மா, பல் பிடுங்கினா வலிக்குமா?" என்று எதிரே உட்கார்ந்திருந்தவர் கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கும்," என்றாள் பிரேமாவதி. அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முழித்தார்.

மேசைக்கு அடியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு அவள் எழுதினாள்: 'பூங்காவி அகப்பையைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துக்கொண்டு படியைத் துடைக்கக் குனிந்தாள்.'

வெளியே, சிறையில் கிடக்கும் காளிதாசன் எட்டிப் பார்த்தார். "எண்ணெயா? எந்த எண்ணெய்? இதை ஏன் என்கிட்ட யாருமே சொல்லல?"