இரண்டு பூட்டுக் கல்லறை

அந்த ராஜ குடும்பத்துக் கல்லறையின் இரும்புக் கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி பெரியவரிடம், இன்னொன்று சின்னவரிடம். சேர்ந்து வந்தால்தான் திறக்க முடியும் என்று எந்தப் புண்ணியவானோ ஏற்பாடு செய்து வைத்திருந்தான். பேச்சு அறுந்து பன்னிரண்டு வருஷமான அண்ணன் தம்பி, தாயின் சவப்பெட்டியை வெயிலில் வைத்துவிட்டு, யார் சாவி முதலில் என்று முறைத்துக்கொண்டு நின்றார்கள். பெட்டி வைக்கும் சுவர் மாடத்தை அடைக்க நான் குழைத்த சாந்து இறுகிக்கொண்டிருந்தது.

"மூத்தவன் நான் குத்துக்கல்லு மாதிரி நிக்கறேன்ல?"

"பட்டமே போயாச்சு, இதுல மூத்தவராம்!"

"ஐயா, பெட்டிக்குள்ள இருக்கறது உங்க அம்மா," என்றேன்.

"கொத்தனுக்கு இங்க என்னடா பேச்சு?" என்று இருவரும் ஒரே குரலில் பாய்ந்தார்கள். பன்னிரண்டு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

கடைசியில் இரண்டு சாவியையும் ஒரே நேரத்தில் திருகினார்கள். உள்ளே வரிசையாக மூன்று மாடங்கள் காலியாக இருக்க வேண்டும்: நடுவில் தாய்க்கு, இருபுறமும் பிள்ளைகளுக்கு. நடு மாடம் மட்டும்தான் திறந்திருந்தது. மற்ற இரண்டிலும் புதுப் பூச்சு வெளுத்துக் கிடந்தது.

"எவன்டா அடைச்சான்?" என்று பெரியவர் கத்தினார்.

"நான்தான்," என்றேன். "போன மாசம் கதவுக் கீலைக் கழட்டி அம்மாவை உள்ள கூட்டிட்டு வந்தேன். நாற்காலி போட்டு உக்காந்து, வேலை முடியற வரைக்கும் பாத்துட்டுத்தான் போனாங்க."

"ஏன்னு கேக்கலியா?" என்றார் சின்னவர்.

"கேட்டேன். 'இவனுங்க நடுவுல நான் எப்படிப்பா தூங்கறது?'ன்னாங்க."