கவிச்சி ஆகாது

முதியோர் இல்லத்திலிருந்து ஆள் சேர்க்க வந்திருந்த துளசிராமன் நாற்காலியில் உட்கார்ந்து, தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டிருந்தவன் ஜெரால்ட். வேறு யாரைப் பற்றி, பெற்ற அப்பனைப் பற்றித்தான்.

"ஆபரேசனுக்கு அப்பறம் நைனாவுக்கு மூள கொழம்பிடுச்சி சார். பட்டப்பகல்ல நைட் ஷிப்டுக்கு டைம் ஆச்சின்றாரு. அம்மாவையே யாருன்னு கேக்குறாரு. போன ஞாயித்துக்கெழம மீன் வாசன வருதுன்னு ஒரே கத்தல். ஊட்ல மீனே இல்ல சார்."

வாசலில் செருப்பைக் கழற்றிய அவன் அம்மா சாராளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பெனி கேன்டீனில் ஊராருக்கெல்லாம் சோறு போடுகிறவள் அவள். வீட்டில் அவள் புருஷன் பாக்கியநாதன் காய்ந்து கிடந்தார்.

அவர் வழுக்கி விழுந்து, தொடையில் கம்பி வைத்து வீடு திரும்பியதும், பார்த்துக்கொள்ள ஊத்துக்கோட்டையிலிருந்து அவர் தங்கச்சி ரோசம்மாள் வந்தாள். அண்ணன் மேல் உயிர். அந்தப் பாசம்தான் வினையாகப் போனது. முட்டை கூடாது, பருப்பு கூடாது, மீன், கறி என்று கவிச்சி ஆகவே ஆகாது, தையல் சீழ் பிடித்துவிடுமாம். மிளகு ரசத்தில் கரைத்த சோறும் பொறை ரொட்டியும்தான் வேளாவேளைக்கு. எழுந்து ஒன்றுக்குப் போக முடியாதென்று தண்ணீரையும் குறைத்துவிட்டாள். மனுஷன் கையைப் பிடித்தால் எலும்புதான் தட்டுப்பட்டது. அப்புறம்தான் பேச்சும் தடுமாறியது.

மனசு கேட்காமல் இன்று வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்கே போய்க் கேட்டாள். பத்தியம் என்றதும் டாக்டர் காயத்ரி தலையில் அடித்துக்கொண்டார். "முட்டை, பருப்பு, மீன் இருந்தாதாம்மா புண்ணே ஆறும். வயசானவங்களுக்கு ஆபரேசன் முடிஞ்சா கொஞ்சம் குழப்பம் வரும். நிறைய பேருக்குச் சரியாயிடும். சோறு தண்ணி இல்லாம போட்டா எப்படிச் சரியாகும்? எவ்ளோ திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது. முதல்ல சாப்பாடு குடுங்க."

அங்கிருந்து நேரே புதுவாயல் கூட்ரோட்டுக்கு வந்து மீன் வாங்கினாள். அந்தப் பையோடுதான் இப்போது உள்ளே வந்தாள்.

"இன்னாடா சொன்ன? மீனே இல்லியா? ஞாயித்துக்கெழம நான் வேல முடிஞ்சி வரும்போது குப்பக் கூடையில கெடந்துச்சே முள்ளு, அது இன்னா?"

ரோசம்மாள் முந்திக்கொண்டாள். "அண்ணனுக்கு ஏக்கம் புடிச்சிடும்னு கதவ சாத்திக்கினு சாப்ட்டோம் அண்ணி. மீனான்னு கேட்டுச்சி. இல்லன்னு சொல்லிட்டோம்."

"கதவ சாத்திக்கினு துன்னுட்டு, இல்லன்னு பொய்யும் சொல்லிட்டு, கேட்ட மனுசன பைத்தியம்னு சொல்றீங்களா? அவரு மூக்கு நல்லாதாண்டி இருக்கு! சார், டீ குடிச்சிட்டு நீங்க கெளம்புங்க. இவரு எங்கியும் வரல."

துளசிராமன் டீக்குக் காத்திருக்கவில்லை.

"ஒரு மீன் துன்னா தெளிஞ்சிடுமாம்மா?" என்றான் ஜெரால்ட்.

"தெளியாட்டி போவட்டும். கொழம்புறதா இருந்தாலும் வயிறு ரொம்பி கொழம்பட்டும்!"

மீனைக் கழுவும்போதும் அவள் வாய் ஓயவில்லை. குழம்பு கொதித்ததும், பாக்கியநாதன் படுத்திருந்த அறையின் சாத்தியிருந்த கதவை அகலத் திறந்து வைத்தாள். சோற்றில் குழம்பை ஊற்றி, முள் எடுத்து ஊட்டினாள். முதல் வாயை பாக்கியநாதன் வெகுநேரம் மென்றார். அடுத்த வாய்க்குத் தானே வாயைத் திறந்தார். பாதித் தட்டு காலியானபோது, கதவோரம் நின்ற தங்கச்சி கண்ணில் பட்டாள்.

"ரோசா, நீ சாப்ட்டியா?"

ரோசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சாராளுக்கு அந்த அழுகையைப் பார்த்தும் ஆத்திரம் தீரவில்லை.

"ஷிப்டுக்கு டைம் ஆச்சி," என்றார் அவர், சாராளைப் பார்த்து. "நீ யாரும்மா?"

"சோறு போட வந்தவ. ஷிப்டுக்கு அப்பறம் போலாம், மொதல்ல சாப்டு," என்று அவள் இன்னொரு துண்டுக்கு முள் எடுத்தாள்.