அல்சர்னே சொல்லு

அப்பா கிருபானந்தம் சவப்பெட்டியைச் சுற்றி மறுபடியும் ரூம் ஸ்பிரே அடித்தார். மல்லிகை. அதற்கு அடியில் அம்மாவின் நாற்றம் அப்படியே இருந்தது. மாதக்கணக்காக அம்மாவுக்குத் துணி மாற்றிய கேசியாவுக்கு அந்த நாற்றம் பழகிப்போயிருந்தது. அப்பாவின் மல்லிகைதான் குமட்டியது.

பக்கத்து வீட்டு வெங்கடலட்சுமி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏமி ஜப்பு அன்னா?" என்று நோயை விசாரித்தாள்.

"அல்சரம்மா. முத்திப்போச்சி." வாய் கூசாமல் சொன்னார்.

திருப்பதி டாக்டர் சொன்னபோது கேசியாவும் கூட நின்றாள். கர்ப்பப்பை வாயில் புற்று, சிறுநீர்ப்பை வரை பரவிவிட்டது, இனி வலிக்குத்தான் மருந்து. ரத்தம் பட ஆரம்பித்தபோதே வந்திருந்தால் பிழைக்க வைத்திருக்கலாம். "அந்த எடத்து நோவுன்னு தெரிஞ்சா மானம் பூடும்" என்று அப்பா அங்கேயே முடிவு கட்டினார். அம்மாவிடமும் அல்சர்தான். பொய்க்கு ஒத்தாசையாக மூன்று வேளையும் தயிர்சோறு. ஒரு துண்டு மாங்காய் ஊறுகாய்க்கு அம்மா லீதியாள் கெஞ்சினாள். அப்பா பாட்டிலை பீரோவில் வைத்துப் பூட்டினார். சீ, மனுஷனா இவர்!

பின்பக்கம் குழாயடியில் அம்மாவின் தங்கை தபீதாள் தன் துணியை அலசிக்கொண்டிருந்தாள். வாளித் தண்ணீர் சிவந்திருந்தது.

"சின்னம்மா, உனக்கு எல்லாம் நின்னு போயி அஞ்சு வருசம் ஆவுதே?"

"சூடுடி. வெந்தயம் துன்னுகினுதான் இருக்கேன்."

அம்மாவும் இதே வெந்தயத்தைத்தான் தின்றாள். "ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா. அம்மாக்கு வந்தது அல்சரு இல்ல."

"சும்மா இருடி. அக்கா எங்கிட்ட மறைப்பாளா?"

அக்காவுக்கே தெரியாது என்று சொல்வதற்குள் பெட்டியைத் தூக்கக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அடக்க ஆராதனையில் இறந்தவரின் ஜீவிய சரித்திரத்தைப் பிள்ளைகளில் ஒருவர் சொல்வது சித்தூர் சபையில் வழக்கம். கோயில் வாசலில் அப்பா கேசியாவின் கையை இறுக்கிப் பிடித்தார். "அல்சர்னே சொல்லு. பெரிய பெரிய ஆளுங்க வந்துகினு இருக்காங்க."

புத்தலப்பட்டில் பிறந்தது, மிஷன் பள்ளியில் படித்தது, பாடகர் குழுவில் பாடியது எல்லாவற்றையும் கேசியா சொன்னாள். பிறகு சின்னம்மாவைப் பார்த்தாள்.

"எங்க அம்மாக்கு அல்சர் இல்ல. கர்ப்பப்பை வாயில கேன்சர். நின்னு போனப்புறமும் ரத்தம் பட்டுது. சூடுன்னு வெந்தயம் துன்னாங்க. இன்னா நோவுன்னு அவங்களுக்கே நாங்க சொல்லல."

மைக் கரகரத்தது. ஆண்கள் பக்கம் யாரோ இருமினார்கள். மனைவி செத்ததற்குக் குனியாத அப்பாவின் தலை இப்போது குனிந்தது. போதகர் அவசரமாகப் பாட்டு எண்ணை அறிவித்தார்.

எல்லோரும் எழுந்தார்கள். தபீதாள் மட்டும் எழுந்திருக்கவில்லை. பெட்டி வெளியே போனபிறகு கேசியா அவளிடம் வந்தாள்.

"வா சின்னம்மா."

தபீதாள் தன் வெள்ளைச் சேலையைப் பின்னால் இழுத்துப் பார்த்தாள். கறை. "என் பின்னாடியே ஒட்டி நடந்து வாடி."

கல்லறை வரைக்கும் கேசியா அப்படியே நடந்தாள். தபீதாள் குழியில் ஒரு பிடி மண் போட்டாள். ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிடாமல் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காலைல திருப்பதிக்கு மொத பஸ்சு எத்தினி மணிக்கு?"

"அஞ்சுக்கு."

கூட்டம் கலைய ஆரம்பித்தது. கேசியா சின்னம்மாவின் முதுகை விட்டு விலகவில்லை.